கீரைப் பாத்தியில் கலப்பு உர அளவு: கிராஞ்சி வட்டாரப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடமேற்கில், கிராஞ்சி வட்டாரத்தில், மண்ணில் பயிரிடும் சிறிய காய்கறிப் பண்ணை இது. முக்கியப் பயிர் தண்டுக்கீரை. பச்சையும் சிவப்பும் மாறி மாறி விதைக்கப்படும். விதைத்த 26ஆம் நாள் வேரோடு பிடுங்கிக் கட்டாக விற்கப்படும். ஒரு பாத்தி 24 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், அதாவது 28.8 சதுர மீட்டர். மேலே பூச்சிவலை இருக்கிறது, ஆனால் மழையைத் தடுக்கும் கூரை இல்லை. ஒரே பாத்தியில் ஆண்டுக்கு 9, 10 போகம் எடுக்கிறார்கள். சரக்கில் பெரும்பகுதி தேக்காவில் (லிட்டில் இந்தியா) உள்ள ஒரு மொத்தக் கடைக்குப் போகிறது.

உரிமையாளர் கணக்கையும் விற்பனையையும் பார்த்துக்கொள்வார். வயல் வேலை முழுவதும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் பொறுப்பு. அவருக்கு ஊரில் நெல் அனுபவம் நிறைய.

பல ஆண்டுகளாக உர முறை ஒன்றேதான். போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோ மக்கிய கோழி எரு. அதோடு 15-15-15 கலப்பு உரம் (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 15 விழுக்காடு) 100 கிராம்: விதைக்கும் அன்றே அடியுரமாக 60, 14ஆம் நாள் மேலுரமாக 40. இந்த 15-15-15, எல்லாச் சத்தும் ஒரே குருணையில் அடங்கிய வகை அல்ல. யூரியா, டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்), சிவப்புப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு), சத்தில்லாத நிரப்புப் பொருள் ஆகியவற்றைத் தனித்தனிக் குருணைகளாகவே கலந்து மூட்டை கட்டிய வகை. இந்த வேறுபாட்டை அங்கே அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

கவனத்துக்கு வந்தவை

முதல் புகார் வயலிலிருந்து வரவில்லை, கடையிலிருந்து வந்தது. "அண்ணே, காலையில எறக்குற கீரை சாயங்காலத்துக்குள்ள தண்டு வழவழன்னு ஆயிடுது. ஓரமெல்லாம் கருகியிருக்கு, பொம்பளையாளுங்க எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போறாங்க" என்று கடைக்காரர் மேற்பார்வையாளரிடம் சொன்னார். அதே மாதங்களில் சில பாத்திகளில் முளைப்பு திட்டுத்திட்டாக இருந்தது.

மேற்பார்வையாளர் இதைச் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டு அளவை 130 கிராமுக்கு உயர்த்தினார். "ஊர்ல நெல்லுக்கு மேலுரம் வீசுனா ரெண்டு மூணு நாள்ல கரும்பச்சை தட்டும். இங்கேயும் அதைப் பாத்துத்தான் சார் போடுறோம்" என்பது அவர் விளக்கம். பச்சை தட்டியது உண்மை. அடுத்த இரண்டு போகத்தில் கருகலும் முளைப்பு இடைவெளியும் கூடின என்பதும் உண்மை. இலை நிறம் தழைச்சத்துக்குக் காட்டி. உப்புச் சேதத்துக்குக் காட்டி அல்ல. பயிர் பாதிக்கப்பட்டிருக்கும்போதும் மிஞ்சி நிற்கும் செடி கரும்பச்சையாகத்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் அனுபவம் உள்ளவர்களும் வழுக்குகிறார்கள்.

பாத்தி எண்களை வைத்து முளைப்பைக் குறித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. அடியுரம் ஒரு பாத்திக்கு 1.73 கிலோ என்பதால், 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 29 பாத்திக்கு வரும். ஒவ்வொரு மூட்டையும் முடியும் தறுவாயில் உரம் பெற்ற கடைசி ஏழெட்டுப் பாத்திகளில்தான் சேதம் அதிகம். மண்ணோ விதையோ தண்ணீரோ காரணம் என்றால் இப்படி மூட்டைக் கணக்கில் வராது.

காரணம் தேடியது

புது மூட்டை ஒன்றைப் பிரித்து, மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் 100 கிராம் எடுத்து, வெள்ளைத் தாளில் கொட்டி நிறம் பார்த்துப் பிரித்து எடை போட்டார்கள். வெள்ளை யூரியா, சாம்பல் நிற டி.ஏ.பி., இளஞ்சிவப்புப் பொட்டாஷ் என்று கண்ணுக்கே தெரியும். ஒரு மணி நேர வேலை, செலவு எதுவும் இல்லை.

இந்தப் பொருள்களால் 15-15-15 செய்தால் 100 கிராமில் பொட்டாஷ் 25 கிராம், டி.ஏ.பி. 32.6 கிராம், யூரியா ஏறத்தாழ 20 கிராம், மீதி நிரப்பு இருக்க வேண்டும். மூட்டையின் மேற்பகுதியில் யூரியா 13 கிராம், நடுவில் 19, அடியில் 28. மேலுக்கும் அடிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. யூரியா சிறு மணியாகவும் மற்றவை பெருங்குருணையாகவும் இருந்ததே காரணம். லாரியில் குலுங்கும்போதும் மூட்டையைத் தூக்கிப் போடும்போதும் சிறு மணிகள் இடுக்கு வழியே இறங்கிவிடும். சிறிதும் பெரிதும் கலந்தால் பிரிந்தே தீரும். நிறுவனம் சரியாகக் கலந்திருந்தாலும் இது நடக்கும்.

யூரியா மிகுந்த உரம், விதைத்த அன்றே, விதை கிடக்கும் மேல்மண்ணில் விழுந்தது. யூரியா சிதையும்போது குருணையைச் சுற்றி அம்மோனியா எழும். தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அதன் முளைவேர் அதைத் தாங்காது. இதோடு பொட்டாஷின் உப்புச் சுமையும் சேர்கிறது. ஓர் உரம் மண்நீரில் எவ்வளவு உப்பேற்றும் என்பதைக் காட்டும் உப்புக் குறியீட்டில் சிவப்புப் பொட்டாஷ் 116, யூரியா 75 அளவில். பொட்டாசியம் சல்பேட் 46தான்.

ஈரமும் தன் பங்குக்குக் கெடுத்தது. 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 73 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா ஈரம் உறிஞ்சத் தொடங்கும். தனிப் பொட்டாஷுக்கு அந்த எல்லை 84. இரண்டும் கலந்திருக்கும்போதோ எல்லை 60க்கு இறங்கிவிடும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80க்கு மேல். மழையில்லாத பிற்பகலில் மட்டும் 60 பக்கம் வரும். ஆகவே வாய் திறந்து வைத்த மூட்டை நாள் முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. கட்டி தட்டியதைத் தொழிலாளிகள் கையால் உடைத்துப் போட்டார்கள். ஒரு கட்டி விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் முளைக்கவில்லை.

மண் பரிசோதனை வேறொரு பக்கத்தைக் காட்டியது. புளிப்பைக் காட்டும் பி.எச். 5.0. உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் முறையில், மீட்டருக்கு 0.9 டெசிசீமன்ஸ். பிரே என்னும் ஆய்வக முறையில், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து கிலோவுக்கு 210 மில்லிகிராம். 50 இருந்தாலே காய்கறிக்குத் தாராளம். இது வியப்பில்லை. போகத்துக்குக் கலப்பு உரம் வழியே 15 கிராம், எரு வழியே ஏறத்தாழ 20 கிராம் மணிச்சத்து ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இறங்குகிறது. 2 கிலோ கீரை எடுத்துக்கொண்டு போவது 2 முதல் 3 கிராம்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: மணிச்சத்து இல்லாத கலவைக்கு மாறுவது. யூரியா 60 பங்கு, பொட்டாசியம் சல்பேட் 40 பங்கு. 100 கிராமில் தழைச்சத்து 27.6, சாம்பல் சத்து 20, கந்தகம் 7 அளவில் வரும். சிவப்புப் பொட்டாஷ் விலை மலிவு. ஆனாலும் உப்புக் குறியீட்டுக்காகவும் ஈரம் உறிஞ்சும் தன்மைக்காகவும் தவிர்க்கப்பட்டது. அம்மோனியம் நைட்ரேட் எண்ணத்திலேயே வரவில்லை. சிங்கப்பூரில் அது வெடிபொருள் மூலப்பொருளாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு உரிமம் வேண்டும்.

இரண்டாவது: "பாதி போதும்" என்று ஊகத்தில் குறைக்காமல், அளவுகளை வயலிலேயே ஒப்பிடுவது. ஒரே போகத்தில் எல்லாப் பாத்தியையும் மாற்றியிருந்தால், விளைச்சல் கூடியது உரத்தாலா, வானிலையாலா என்று சொல்ல வழி இருந்திருக்காது.

சோதனை அமைப்பு

நான்கு பாத்திகள், ஒவ்வொன்றிலும் 4 மீட்டர் நீளத்தில் ஆறு துண்டுகள். ஒரு துண்டு 4.8 சதுர மீட்டர். நிலம் வடிகாலை நோக்கிச் சரிவதால், சரிவுக்குக் குறுக்கே கிடந்த பாத்திகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்போதுதான் ஒரு பாத்திக்குள் ஈரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் துண்டுகளின் வரிசை சீட்டுக் குலுக்கி முடிவானது.

புதுக் கலவை சதுர மீட்டருக்கு 0, 15, 30, 45, 60 கிராம். ஆறாவது துண்டில் பண்ணையின் பழைய முறை, 15-15-15, 100 கிராம். துண்டுக்கு முறையே 0, 72, 144, 216, 288, 480 கிராம், ஒவ்வொன்றும் தராசில் எடை போட்டுப் பையில் கட்டப்பட்டது. கோழி எரு எல்லாத் துண்டிலும் பழைய அளவே.

புதுக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு விதைப்புக்கு 5 நாள் முன்னதாக மண்ணில் கிளறி நீர் விடப்பட்டது. மீதி 10ஆம் நாளும் 17ஆம் நாளும் சமமாக. உரத்தைவிட மூன்று மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியைப் போகும்போதும் பாதியைத் திரும்பும்போதும் தூவினார்கள். 144 கிராமை மூன்றாகப் பிரித்தால் 48 கிராம். மணல் இல்லாமல் அதை 4.8 சதுர மீட்டரில் சீராகத் தூவுவது யாராலும் ஆகாது.

அறுவடையில் இரு முனையிலும் அரை மீட்டர் விட்டுவிட்டு நடு 3 மீட்டர் மட்டும் எடை போடப்பட்டது. மொத்த எடை ஒன்று, கருகல், அழுகல், குட்டைச் செடி நீக்கிய விற்பனை எடை ஒன்று. இரண்டையும் எழுதியதுதான் இந்தச் சோதனையின் உயிர். மொத்த எடையை மட்டும் எழுதியிருந்தால் 60 கிராம் துண்டு முதலிடத்தில் நின்றிருக்கும்.

விளைச்சல்

ஜூன் மாதப் போகம், விற்பனை எடை, சதுர மீட்டருக்கு:
0 கிராம்: 1.30 கிலோ
15 கிராம்: 1.75 கிலோ
30 கிராம்: 2.05 கிலோ
45 கிராம்: 2.12 கிலோ
60 கிராம்: 1.98 கிலோ (மொத்த எடை 2.20)
பழைய முறை: 1.85 கிலோ

டிசம்பர் போகம், வடகிழக்குப் பருவமழையில்: அதே வரிசையில் 0.95, 1.30, 1.55, 1.58, 1.56, 1.38 கிலோ.

உரமே போடாத துண்டில் ஜூனில் 1.30 கிலோ வந்தது மேற்பார்வையாளரை நிறுத்தி யோசிக்க வைத்தது. எருவும் மண்ணில் தேங்கிய சத்தும் அவ்வளவு. எண்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஒரே அளவு பெற்ற நான்கு துண்டுகளுக்குள்ளேயே 0.2 கிலோ வரை வேறுபாடு இருந்தது. ஆகவே 30க்கும் 45க்கும் இடையே தெரியும் 0.07 கிலோவை உறுதியான வேறுபாடாக எடுத்துக்கொள்ள முடியாது.

இடையில் தவறியவை

முதல் முறை கலந்தபோது கடையில் கிடைத்த சிறுமணி யூரியாவையே பயன்படுத்தினார்கள். வாளியில் இரண்டு நாளில் அது மறுபடியும் அடியில் இறங்கிவிட்டது. பிறகு 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணை யூரியா தேடி வாங்கப்பட்டது. பொட்டாசியம் சல்பேட்டும் தூளாக இல்லாமல் குருணையாகவே இருக்க வேண்டும்.

டிசம்பரில் மூன்றாவது பாத்தியில் 10ஆம் நாள் உரம் காலை எட்டு மணிக்கு, இலை நனைந்திருக்கும்போதே தூவப்பட்டது. குருணை இலைக்கவட்டில் ஒட்டிப் புள்ளி புள்ளியாகச் சுட்டது. அதன் பிறகு இலை உலர்ந்த பின்தான் உரம், தூவியதும் பூவாளியால் மேலே ஒரு தடவை தண்ணீர் என்று விதி வைத்தார்கள்.

உரம் அளக்கும் பால் டின்னும் ஒரு சிக்கல். யூரியா எடை குறைந்த பொருள். பழைய உரத்துக்குப் பழகிய அதே டின்னில் புதுக் கலவை 8 விழுக்காடு குறைவாகத்தான் கொள்ளும். கலவை மாறும்போதெல்லாம் டின்னை ஒரு முறை தராசில் வைத்துப் புதுக் கோடு போட வேண்டும்.

லாபக் கணக்கு

மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையம் 1988இல் வெளியிட்ட கையேட்டின் பகுதிக் கணக்கு முறையே இங்கே கையாளப்பட்டது. அளவுக்கு அளவு மாறும் செலவை மட்டும் எடுப்பார்கள். சோதனைத் துண்டின் கவனிப்பு முழு வயலுக்குக் கிடைக்காது என்பதால் விளைச்சலை 10 விழுக்காடு போலக் குறைப்பார்கள். கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) திரும்பி வருவது எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது 50 முதல் 100 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தக் கூடுதல் அளவைப் பரிந்துரைக்க மாட்டார்கள்.

இந்தப் பண்ணையின் விலைகள்: கீரை கிலோ 3 வெள்ளி. பிடுங்கிக் கழுவிக் கட்டும் கூலி கிலோவுக்கு 60 காசு. புதுக் கலவை கிலோ 1.60 வெள்ளி, பழைய உரம் 1.10.

ஜூன் போகத்தில், மாறும் செலவு கழித்துச் சதுர மீட்டருக்கு மிஞ்சியது: 0 கிராமில் 2.81 வெள்ளி, 15இல் 3.76, 30இல் 4.38, 45இல் 4.51, 60இல் 4.18, பழைய முறையில் 3.89. 15இலிருந்து 30க்குப் போனால் கூடுதல் செலவுக்கு 335 விழுக்காடு திரும்புகிறது. 30இலிருந்து 45க்கு 206. டிசம்பரில் அதே உயர்வுக்கு ஏறத்தாழ 100 விழுக்காடுதான்.

கணக்கை மட்டும் பார்த்தால் 45தான் வெல்கிறது. கோதுமையில் இந்த முறை கூர்மையாக வெட்டும். அங்கே உரம் பெரிய ரொக்கச் செலவு, தானியத்தின் விலை கிலோவுக்குச் சிறிது, அளவு மீறினால் தாள் சாய்ந்து விளைச்சலே விழும். கீரையில் 15 கிராம் கூடுதல் உரத்தின் விலை 2.4 காசு. அவ்வளவு மலிவான ஒன்றை எந்தக் கணக்கும் "போடாதே" என்று தடுக்காது. அதனால்தான் காய்கறிப் பண்ணைகளில் கை தாராளமாகிறது.

பழைய முறைக்கும் 30 கிராமுக்கும் உள்ள வேறுபாடு 49.4 காசு. அதில் உர விலையில் மிச்சம் 6.2 காசு மட்டும். மீதி அத்தனையும் முளைக்காத இடம், கருகிக் கழித்த செடி ஆகியவற்றிலிருந்து மீண்டது. உரம் அதிகமானால் மூட்டைக்காசு மட்டும்தான் போகிறது என்று எண்ணியே எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள், போவது கீரை. கழிக்கும் செடியைப் பிடுங்கிய கூலி இந்தக் கணக்கில் சேரவில்லை, ஆகவே உண்மை இழப்பு இதைவிடக் கூடுதல்.

ஒரு பாத்திக்கு இந்த வேறுபாடு ஜூனில் 14.2 வெள்ளி, டிசம்பரில் 12.4. கூடுதலாக ஒரு மேலுரம் தூவவும் எடை போட்டுக் கலக்கவும் பாத்திக்கு ஒன்றரை வெள்ளி கூலி ஆகிறது. அதைக் கழித்தால் 12.7, 10.9.

30 கிராமைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று: 45இன் மேன்மை துண்டுகளுக்கிடையிலான வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது, தழைச்சத்து மிகுந்தால் திசு நீர் கோத்து மென்மையாகும் (கடைக்காரரின் மூலப் புகாரே அதுதான்), மழையில் மிஞ்சியது வடிகாலுக்குப் போகும். 2 கிலோ கீரை எடுக்கும் தழைச்சத்து 8 கிராம் அளவில். 30 கிராம் கலவை தருவது 8.3.

பின்னர் நடந்தது

அடுத்த மூன்று போகங்களில் பண்ணை முழுவதும் 30 கிராமுக்கு மாறியது. வாரம் ஒரு முறை, மழையில்லாத பிற்பகலில், தார்பாயில் 6 கிலோ யூரியாவும் 4 கிலோ பொட்டாசியம் சல்பேட்டும் கொட்டி, மண்வெட்டியால் ஐந்து முறை இடம் மாற்றிப் புரட்டி, மூடி போட்ட வாளியில் வைக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. மேலுரம் போட்ட மூன்று நாளுக்குள் பாத்தியில் நீர் தேங்கும் அளவு மழை பெய்தால் சதுர மீட்டருக்கு 8 கிராம் கலவை திரும்பப் போடப்படுகிறது. டிசம்பர், ஜனவரியில் இது இரண்டு முறை தேவைப்பட்டது.

மூட்டைக்கடைசிப் பாத்திகளின் முளைப்பு இடைவெளி நின்றது. தேக்காவிலிருந்து ஓரக் கருகல் புகார் வரவில்லை. மாலையில் தண்டு வழுவழுப்பு குறைந்தது, ஆனால் மழை நாளில் ஈரத்தோடு கட்டிய கீரையில் இன்னும் இருக்கிறது. அது உரத்தின் குறை அல்ல, கட்டும் முன் நீர் வடியவிடாத குறை.

எல்லா இடத்திலும் 30 போதவில்லை. வெளிமண் கொட்டி நிரப்பிய மணற்பாங்கான மூலையில் ஆறு பாத்திகள் 17ஆம் நாளுக்குள் வெளுத்தன. அங்கே 40 கிராம், நான்கு தவணையாக. மேற்பார்வையாளர் இதைத் தானே கண்டு, இரண்டு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற நான்குக்கும் மாற்றினார்.

யூரியா மண்ணைப் புளிக்க வைக்கும் என்பதற்கும் கணக்கு வைத்தார்கள். ஒரு கிலோ தழைச்சத்துக்கு 1.8 கிலோ சுண்ணாம்புக் கல் தூள் என்றால், போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 கிராம். ஏற்கெனவே இருந்த 5.0ஐ உயர்த்த முதலில் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூள்) சதுர மீட்டருக்கு 150 கிராம் கிளறப்பட்டது. டோலமைட்டும் யூரியாவும் ஒரே நாளில் போடுவதில்லை. சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இடையில் பத்து நாள் விடுகிறார்கள்.

மாற்ற வேண்டியவை

சோதனையின் பெரிய ஓட்டை, பழைய முறைத் துண்டில் கலவையும் வேறு, போடும் நாளும் வேறு. மீண்ட 49.4 காசில் எவ்வளவு புதுக் கலவையால், எவ்வளவு விதைப்புக்கு 5 நாள் முன்னே போட்டதால் என்று பிரிக்க முடியவில்லை. பழைய உரத்தையே புது நாள்களில் போட்ட ஏழாவது துண்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். தேதியை மாற்றினாலே பாதி சேதம் நின்றிருக்கும் என்பது என் மதிப்பீடு; அதை இந்த எண்கள் நிரூபிக்கவில்லை.

எருவைக் குறைத்துப் பார்க்கவில்லை. மணிச்சத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. கலவையிலிருந்து நீக்கிய பிறகும் போகத்துக்கு 20 கிராம் ஏறி, 3 கிராம்தான் வெளியேறுகிறது. மூன்று போகம் கழித்து எடுத்த மண்ணில் மணிச்சத்து குறையவே இல்லை. அடுத்ததாக எரு 1 கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ மூன்றையும் 30 கிராம் கலவையோடு ஒப்பிடத் துண்டுகள் அளந்து கயிறு கட்டியாகிவிட்டது. இந்த முறை ஏழாவது துண்டும் உண்டு. கீரைக் கட்டு ஒன்றைக் கடைக்கு அனுப்பாமல் நிழலில் வைத்து, மாலை ஆறு மணிக்கு எடையும் தண்டின் நிலையும் எழுதும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது.